எந்த வார்த்தையில் தாண்டியது?

ஜோக்கைக் கேட்டதும் சிரிப்பவர்கள் உண்டு, முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த அக்கா இரண்டும் செய்யாமல், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பார். கேலியாக இல்லை. உண்மையிலேயே இன்னொரு தடவை கேட்க வேண்டும் அவருக்கு. சொன்னவர் மறுபடி சொல்லும்போது, ஜவுளிக்கடையில் புதுத் துணியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அதற்குப் பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்பது முடிவாகும். பாதிப் பேர் இரண்டாம் தடவை சொல்ல முடியாமல் நழுவிவிடுவார்கள்.

ஒருமுறை வத்தலக்குண்டு பஸ்ஸில் நடந்ததை அவரே சொன்னார். கைப்பையும் பிள்ளையுமாக ஒரு பெண் மெதுவாக இறங்கியிருக்கிறார். கண்டக்டர், "எறங்குறதுக்கும் நல்ல நேரம் பாக்கணுமாம்மா?" என்றானாம். பஸ்ஸே சிரித்திருக்கிறது. அக்கா தன் நிறுத்தத்தில் இறங்கும்போது அவனிடம் கேட்டார்.

"தம்பி, இதே ஒரு ஆம்பள மெதுவா எறங்குனா சொல்வீங்களா?"

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தானாம். "இல்லக்கா. ஆம்பளைககிட்ட சொன்னா அடிக்க வருவாய்ங்க."

இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குக் கோபமே இல்லை. "உண்மையச் சொல்லிட்டான் பாத்தியா பாப்பா" என்று சந்தோஷப்பட்டார். யாரையும் மடக்குவதற்காக அவர் கேள்வி கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, அவரிடம் ஆட்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

நான் அவரைப் பார்த்தது பிரவுசிங் சென்டரில். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் என் சின்னம்மா மகன் நடத்தி வந்தான். அவன் சவுதிக்குப் போனதும் நான் பார்த்துக்கொண்டேன். பிளைவுட் தடுப்பு, பெரிய பெட்டி மானிட்டர்கள், கரண்ட் போனால் கத்தும் யூ.பி.எஸ். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நேராக அங்கே வருவார்கள். ஜன்னலோரக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் அக்காவுக்கு. அங்கிருந்து மலைக்கோட்டை தெரியும். திரையைப் பார்க்காமல் கோட்டையைப் பார்த்துக்கொண்டே டைப் அடிப்பார்.

வீட்டுக்காரர் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்தார். அவருக்கு உயிர் ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. விடியலில் எழுந்து, மொட்டைமாடியில் கம்பி கட்டி, சிற்றலையில் எங்கோ தூர தேசத்து நிலையம் இரைச்சலுக்கு நடுவில் பேசுவதைப் பிடிப்பார். எந்த நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று அந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவார். அவர்கள் படம் போட்ட அட்டை ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவார்கள். இப்படிப்பட்ட ரேடியோப் பித்தர்களுக்குத் தமிழில் ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. கரூர், திருச்சி, மஸ்கட், பினாங்கு என்று எங்கெங்கோ இருந்து எழுதுவார்கள். கரூரில் மில் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர்தான் குழுவை நடத்தினார். எல்லோரும் அவரைக் கரூர் சார் என்பார்கள்.

அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒற்றை விரலால்தான் டைப் அடிக்க வரும். அக்கா கல்யாணத்துக்கு முன்னாலேயே தமிழ் டைப்பில் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணியவர். அதனால் அவர் பின்னால் நின்று சொல்லுவார், இவர் அடிப்பார். அந்த வாரம் பிடித்த நிலையங்களை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு ஜோக்கு. அது அக்காவைப் பற்றியதாக இருக்கும். குழுவில் அநேகம் பேர் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் அண்ணனுடைய ஜோக்குகளுக்குத் தனி மவுசு.

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எழுது. எங்கள் வீட்டில் இரண்டு இரைச்சல்கள். ஒன்று வீட்டம்மா போடும் மிக்ஸி. இன்னொன்று வீட்டம்மா. மிக்ஸிக்காவது ஸ்விட்ச் இருக்கிறது."

அக்கா விரல் தயங்காமல் அடித்தார். அண்ணன் மேலும் சொன்னார்: "ஆகவே நேயர்களே, மிக்ஸி வாங்கும்போது..."

"போதுங்க. ஸ்விட்சோட நிப்பாட்டிக்கலாம்."

"இன்னும் ரெண்டு வரி இருக்கே."

"அதுக்குமேல போனா நெடுகிப்போயிரும். சிரிக்கிறவன் சிரிச்சு முடிச்சிருவான், நீங்க பேசிக்கிட்டே இருப்பீங்க."

அண்ணன் மோவாயைத் தடவிவிட்டு, "சரி, அனுப்பு" என்றார். அவர் கீழே டீ குடிக்கப் போனதும் நான் கேட்டேன்.

"அக்கா, உங்களப் பத்தித்தான எழுதச் சொல்றாரு. நீங்களே அடிச்சுக் குடுக்குறீங்க?"

"ஜோக்கு பரவால்ல பாப்பா. மிக்ஸி போட்டா ரேடியோ நெசமாவே இரையும். அதுல ஒரு நெசம் இருக்குறதுனால நிக்குது." கொஞ்ச நேரம் கோட்டையைப் பார்த்தார். "எனக்குச் சிரிப்பும் வந்துச்சு. வந்தத வரலன்னு சொல்லக்கூடாதுல்ல?"

அண்ணன் கெட்ட மனுஷர் இல்லை. அக்காவுக்குத் தலைவலி வந்தால் சைக்கிளை மிதித்துப் போய்த் தைலம் வாங்கி வந்து மாடிக்கே கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் ஜோக்கைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வெட்டுவது, முன்னதைப் பின்னால் போடுவது, ஒரு வார்த்தையை மாற்றுவது எல்லாம் அக்காதான். குழுவில் இருந்து பதில்கள் வந்து குவியும். 'இந்த வாரம் வீட்டம்மா என்ன சொன்னார்?' என்று மஸ்கட்காரர் கேட்பார். 'திண்டுக்கல் பூட்டுக்கே பூட்டுப் போடும் வீட்டம்மாவுக்கு வணக்கம்' என்று ஒருவர் எழுதினார். அக்கா அதையெல்லாம் ஒன்று விடாமல் படிப்பார்.

"இவங்கல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கிற வீட்டம்மாவ நான் பாத்ததே இல்ல. நல்ல சண்டக்காரி போல. ஒருநாள் பாக்கணும் போல இருக்கு" என்றார் என்னிடம்.

இந்த ஆராய்ச்சி அவருக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் டைப் பழகிய காலத்திலேயே தொடங்கியது. வேகம் கூடுவதற்காக வாரப் பத்திரிகைத் துணுக்குகளைப் பார்த்து அடித்துப் பழகியிருக்கிறார். அடிக்க அடிக்க ஒரே ஆட்களாக வந்தார்களாம். மறதி டாக்டர், கடன்கார மாப்பிள்ளை, பூரிக்கட்டையோடு நிற்கிற மனைவி.

"பூரிக்கட்டையால அடிக்கிற பொம்பளைய நீ பாத்திருக்கியா பாப்பா?"

"இல்லக்கா."

"நானும் பாத்ததில்ல. எங்க தெருவுல அடி வாங்குன பொம்பளைகளத்தான் பாத்திருக்கேன். அப்ப அந்தப் பூரிக்கட்டை எங்கருந்து வந்துச்சு? யாரு மொதல்ல வரஞ்சா? அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு."

இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் கசப்பு இல்லை. சாவி எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் முகம்தான் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்த குழுவில் ஒருநாள் ஒரு பெண் எழுதினாள். பெயர் கவிதா. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், கல்லூரி மாணவி. தோட்டத்து வீட்டில் பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு தென் அமெரிக்க நிலையம் ஒன்றைப் பிடித்திருக்கிறாள். நேரம், அலைவரிசை, அறிவிப்பாளர் சொன்ன வார்த்தைகள், நடுவில் வந்த பாட்டு என்று சுத்தமாக எழுதியிருந்தாள். அண்ணன் படித்துவிட்டு, "நான் நாலு மாசமாத் தேடுற நிலையம் இது" என்று முணுமுணுத்தார்.

அதற்குள் பதில்கள் வந்துவிட்டன. 'அடுப்பில் பால் பொங்கிவிடப் போகிறது, பார்த்துத் தங்கச்சி.' 'அண்ணன் எழுதிக் கொடுத்ததா?' 'ரேடியோவில் கோலப்போட்டி எந்த அலைவரிசையில் வருகிறது?' ஒவ்வொன்றுக்கும் கீழே சிரிக்கும் பொம்மை முகங்கள். அவள் பிடித்த நிலையத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அண்ணனுக்கும் வேகம் வந்துவிட்டது. "எழுது. தங்கச்சிக்கு அந்த நிலையத்தார் அட்டையோடு மாப்பிள்ளை போட்டோவும் அனுப்புவார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளவும்."

அக்காவின் விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றன.

"இது வேணாங்க."

"ஏன்? நெடுகிப்போச்சா?"

"இல்ல. நீளமெல்லாம் சரியாத்தான் இருக்கு. வேணாம்."

"வெளையாட்டுக்குத்தான. ஒன்னையப் பத்தி எம்புட்டு அடிச்சிருக்க. அதுக்கெல்லாம் ஒன்னும் சொல்லலியே."

"என்னையச் சொன்னா, வீட்டுக்குப் போயி ஒங்களத் திருப்பிச் சொல்லுவேன். அது ஒங்களுக்கும் தெரியும். அந்தப் புள்ள யாரத் திருப்பிச் சொல்லும்? அதுக்கு நம்மள்ல ஒருத்தரையும் தெரியாதே."

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குத் தமிழ் டைப் தெரியாது, அது அவருக்கும் தெரியும். அக்காவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அந்த ஜோக்கை அடித்து அனுப்பினார். அக்கா பக்கத்தில் நின்று கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழையைக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கவிதா எழுதவே இல்லை.

அக்காவுக்கு அது பிடிபடவில்லை. அதாவது, அவள் ஏன் போனாள் என்பது புரிந்தது. தன் விரல் ஏன் நின்றது என்பதுதான் புரியவில்லை. "மிக்ஸி ஜோக்கு என்னைய எவ்வளவு மட்டம் தட்டுது. அதுக்கு வந்த சிரிப்பு இதுக்கு ஏன் வரல?" என்று என்னிடம் பல ஞாயிற்றுக்கிழமைகள் கேட்டிருப்பார்.

பிறகு ஒருநாள், "எனக்குன்னு தனியா ஒரு மெயில் முகவரி போட்டுக் குடு பாப்பா" என்றார். போட்டுக் கொடுத்தேன். அண்ணனும் பக்கத்தில் இருந்தார். "நான் ஒன்னு எழுதிப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அடித்தார்:

'வணக்கம். நான்தான் அந்தத் திண்டுக்கல் வீட்டம்மா. என் வீட்டுக்காரருக்கு உலகத்தின் அந்தக் கோடியில் பேசுவதும் தெளிவாகக் கேட்கும். அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் மட்டும் சிக்னல் வீக். வரும் வாரம் மாடிக்கம்பியை அடுப்படிப் பக்கம் திருப்பிக் கட்டலாம் என்று இருக்கிறேன்.'

அண்ணன் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாருக்கு, அனுப்பு அனுப்பு" என்றார். அவரே மவுஸை வாங்கி அழுத்தினார்.

அடுத்த வாரம் பதில்களைப் படிக்கும்போதுதான் அவர் முகம் மாறியது. 'திண்டுக்கல்லிலும் மீனாட்சி ராஜ்யமா?' என்று ஒருவர். 'அண்ணே, சமையல் நீங்களா? இன்று என்ன வெஞ்சனம்?' என்று ஒருவர். 'இத்தனை நாள் சிங்கம் என்று நினைத்தோமே' என்று மஸ்கட்காரர். கடைசியில் கரூர் சார் எழுதியிருந்தார்: 'நகைச்சுவைக்கும் ஓர் எல்லை உண்டு. குடும்ப விஷயங்களைப் பொதுவில் வைப்பதைச் சகோதரிகள் தவிர்ப்பது நலம்.'

அண்ணன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கீழே போய்விட்டார். டீக்கடையிலும் நிற்கவில்லை.

பல வாரம் அக்கா தனியாகத்தான் வந்தார். வீட்டில் அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுகிறாராம். சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுகிறாராம். அதுவரை தட்டைக் கழுவாத மனுஷன் கழுவியதுதான் அக்காவை ரொம்பப் பாதித்தது.

"அன்னைக்குச் சிரிச்சாரேக்கா" என்றேன்.

"நம்ம மூணு பேரா இருக்கைல சிரிச்சாரு. ஊரே சிரிக்கவும் வலிச்சிருச்சு." கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். "அவருக்கு வலிச்சது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு பாப்பா. ஆனா ஒன்னு. எத்தன நாளா எழுதுறோம், எல்லைன்னு ஒன்னு இருக்குன்னு இதுவரைக்கும் யாருமே சொல்லலியே. இப்பத்தான் தெரியுது. அது எந்த எடத்துல இருக்குன்னு அந்தச் சாரைக் கேக்கணும்."

கேட்பதற்கு வாய்ப்பும் வந்தது. குழுவினர் நேரில் சந்திப்பதாக முடிவாகி, ரயிலில் வருகிறவர்களுக்கு வசதி என்று கொடைரோட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தார்கள். ஏற்பாடு திண்டுக்கல்காரரான அண்ணன் தலையில் விழுந்தது. அந்தச் சாக்கில் வீட்டில் பேச்சுவார்த்தை கொஞ்சம் திரும்பியிருந்தது. "பொம்பளையா நான் ஒருத்தியாப் போயி நிக்கணும், நீயும் வா" என்று அக்கா என்னையும் கூட்டிப் போனார்.

ஆனால் இன்னொரு பெண்ணும் வந்திருந்தாள். கவிதா, தன் அப்பாவோடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டுக்கொண்டு, பார்க்கிறவரிடமெல்லாம், "ஏனுங்க, என்ற புள்ள ரேடியோ கேக்குறது உங்களுக்கெல்லாம் தெரியுமுங்களா?" என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மெயிலில் பாலையும் கோலத்தையும் எழுதியவர்கள் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார்கள். ஒருவர் கொடைரோட்டுத் திராட்சையைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு கிண்டல் வரவில்லை. அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் நல்ல பிள்ளைகளாத்தான் இருக்காங்க" என்று என் காதில் ஆச்சரியமாகச் சொன்னார்.

மதியத்துக்கு முன்னால் அண்ணனை மைக்குக்குக் கூப்பிட்டார்கள். "வீட்டம்மா ஜோக்கு ஒன்னு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணன் ஆரம்பித்தார். அது நீண்டு, சந்து சந்தாகப் போய், எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடைசி வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குச் சொல்ல வராதுங்க. எங்க வீட்டுல அடிக்கிறது, வெட்டுறது எல்லாம் அவதான்."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டி, தொடையில் அடித்து, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்கள்.

"இல்லங்க, நெசமாத்தான் சொல்றேன். டைப் அடிக்கிறது அவ. நான் சொல்றத வெட்டிச் சரிபண்றதும் அவ. நீங்க சிரிச்சதெல்லாம் அவ எழுதுனது."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் ஒரு மனுஷன் அப்படி நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தார். அவர் பாதியைக் குடித்துவிட்டு, "நான் சொன்னேன்ல?" என்றார். "சொன்னீங்க. கேட்டுச்சு" என்றார் அக்கா.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா கரூர் சாருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, பேசுவதற்கு முன்னால் யோசிக்கிற ஆள்.

"சார், ஒரு சந்தேகம். சண்டைக்குக் கேக்கல."

"கேளுங்கம்மா."

"அன்னைக்கு நான் எழுதுனதுக்கு எல்லை உண்டுன்னு எழுதுனீங்க. எந்த வார்த்தையில தாண்டுச்சு? அடுப்படியா, சிக்னல் வீக்கா? தெரிஞ்சா அடுத்த தடவ திருத்திக்குவேன்."

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பிசைவது நின்றது. அக்கா எழுதியதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது.

"வார்த்தையில ஒன்னும் இல்லம்மா" என்றார் கடைசியில். "உங்க பேர்ல வந்துச்சு. அதுதான். அவரே தன்னப் பத்தி எழுதியிருந்தார்னா நான்தான் மொதல்ல சிரிச்சிருப்பேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போல இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. "இதத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன் சார். ரசம் வருது, சாப்பிடுங்க" என்றார்.

சாயங்காலம் கவிதாவையும் அவள் அப்பாவையும் பஸ் ஏற்ற மெயின்ரோட்டுக்குப் போனோம். அப்பா திராட்சை வாங்கக் கடைப்பக்கம் போனார். கவிதா ரொம்ப நேரம் கைப்பை வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அவரு சொன்னது நெசங்களா? அதெல்லாம் நீங்க அடிச்சதுங்களா?"

"ஆமாம்மா."

"உங்களையே சொல்றத எப்படிங்கக்கா அடிச்சீங்க?"

"எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடிச்சேன். ஒன்னையச் சொன்னப்பதான் வரல. அன்னைக்கு நான் அடிக்கல. அது ஏன்னு இன்னமும் யோசிச்சிட்டிருக்கேன்."

கவிதா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "எனக்கு உங்களச் சொன்னப்பவே வரலீங்கக்கா. எழுதறதுக்கு முன்னாடி ஒரு வருசம் சும்மா படிச்சுட்டேதான் இருந்தனுங்க. ஒவ்வொரு வாரமும் அதப் படிச்சுப் படிச்சு, இங்க நாம எழுதுனா நமக்கும் இப்படித்தான்னு பயந்துட்டே இருந்தனுங்க. நீங்க நல்லா எழுதியிருந்தீங்க. அதனாலதான் எல்லாரும் அதே மாதிரி எழுதுனாங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நேரத்தையும் அலைவரிசையையும் சொல்வது போலச் சொன்னாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார், பஸ்ஸும் வந்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் பின்சீட்டில் இருந்தேன். அக்காவும் அண்ணனும் முன்னால். அக்கா அவள் சொன்னதை அண்ணனிடம் சொல்வது கேட்டது. ஒன்றையும் வெட்டவில்லை, அப்படியே சொன்னார்.

அண்ணன், "எனக்கு இது தோணவே இல்லயே" என்றார்.

"எனக்கும்தான் தோணல. தெனமும் இதையே யோசிச்சிட்டிருந்தும் தோணல." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அண்ணனின் கம்பெனி மூடிப்போய், இருவரும் ஓசூர்ப் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார்கள். ரேடியோ கேட்பவர்களும் குறைந்தார்கள். என் சென்டரும் இல்லை. இப்போது எந்தக் குழுவிலாவது யாராவது வீட்டம்மா ஜோக்குப் போட்டு, கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் விழும்போது, எழுதாமல் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் யாராக இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் ஓடும். அது அந்த அக்காவிடம் இருந்து வந்தது.

அந்தச் சந்திப்புக்கு அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணன் நிலையங்களைச் சொன்னார், அக்கா அடித்தார். கடைசியில் வழக்கமான ஜோக்கை அண்ணன் சொல்லவில்லை. அக்கா தன் முகவரியைத் திறந்து குழுவுக்கு இரண்டே வரி எழுதினார்: 'நம் குழுவில் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏன் எழுதவில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை.'

"யாரு இருக்கப்போறா?" என்றார் அண்ணன்.

"தெரியலயே. அதுனாலதான் கேக்குறேன்."

மறு ஞாயிறு திறந்தபோது பதில்கள் இருந்தன. வத்தலக்குண்டில் ஒரு டீச்சர், தம்பியின் முகவரியில் இருந்து. பேகம்பூரில் ஒரு பெண், 'மாமா ரேடியோவை அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனதும் நான் போட்டுக் கேட்பேன்' என்று. பினாங்கில் ஓர் அம்மா. அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் தணிந்துகொண்டே போனது. கடைசி மெயில் கரூர் சாரின் முகவரியில் இருந்து வந்திருந்தது. அண்ணன் நிமிர்ந்து நின்று அதைப் படித்தார்.

'இது அப்பாவுடைய முகவரி. அப்பா மில்லுக்குப் போயிருக்கிறார், அவருக்குத் தெரியாது. நான் அவர் மகள். நானும் கேட்பேன்.'

அவ்வளவுதான் இருந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு என்னன்னு பதில் எழுதுறது?" என்றார்.

அக்கா அன்றைக்குக் கோட்டையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே அடித்தார்.

'எந்தெந்த நிலையம் கிடைத்தது?'